படம் பாதி நல்லாருந்துச்சுங்க

அந்தம்மாவைத் தெய்வம் என்று நான் எழுத மாட்டேன்.

போன வருசம் மலைக்குக் கீழே தன் சொந்த ஊரில் அவர் காலமானார் என்று சேதி வந்ததிலிருந்து எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். துணை சுகாதார நிலையத்துச் சுவரில் போட்டோ மாட்டி மாலை போட்டிருக்கிறார்கள். இப்போது இருக்கிற சின்ன நர்ஸ் ஒரு நோட்டைக் கொண்டுவந்து, "உங்களுக்குத்தான் அவங்கள நல்லாத் தெரியும்னு சொல்றாங்க. ரெண்டு வரி நல்லதா எழுதிக் குடுங்கம்மா" என்றது. நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை, காகிதம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் ரெண்டு வரி போதவில்லை, நல்லது மட்டும் எழுதவும் வரவில்லை. மாலை போட்ட கைகளில் பாதி, அந்தம்மாவிடம் பெண்கள் யாரும் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்ட கைகள். அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்.

பேரை எழுதவில்லை. நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்ஸம்மா என்றால் அவர்தான்.

அவர் வந்தபோது நாற்பது வயதுக்குள் இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கிறிஸ்தவ வேதக்காரர். அரியூர் நாட்டுப் பக்கம் எங்கள் ஊர் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. அடியில் நெல்வயல், அதற்கு மேல் மரவள்ளி, அதற்கும் மேல் மிளகுக்கொடி ஏறின மரங்கள். மேட்டில் ரோட்டோரம் அவருடைய ரெண்டு அறைக் கட்டடம். கீழேயிருந்து வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வந்த மறுநாளே ஒரே மாதிரி பேசுவார்கள். காத்து அருமை, தண்ணி அருமை, பலாப்பழம் அருமை, உங்க ஜனங்க மனசு அருமை. சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள். நர்ஸம்மாவைக் கேட்டதற்கு, "காத்து நல்லாருக்கு. ரோடு மோசம். தண்ணியக் காய்ச்சிக் குடிங்க" என்றார்.

"எங்க ஜனங்க மனசுங்க?" என்று யாரோ விடாமல் கேட்டார்கள்.

"இன்னும் பாக்கல. பாத்துட்டுச் சொல்றேன்."

முதல் வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். மலைக்கு வருகிற ஆபீசர்கள் என் சாப்பாட்டை ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டுப் பாதியை வாழைமரத்தடியில் கொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். இவர் இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "சோறு நல்லாருக்குக்கா. குழம்புல உப்பு தூக்கல்" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பை நானே ஒரு கரண்டி வெறுமனே குடித்துப் பார்த்தேன். உப்பு தூக்கல்தான். இருபது வருசமாக அப்படி ஆக்கியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதைத் தின்று, சொல்லாமலேயே செத்தும் போனார்.

அதுதான் அவர். எதைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து ரெண்டாகப் பிரித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை செம்மேட்டுக்குப் போய் ஜெபம் முடித்து வருவார். எப்படி இருந்ததுங்க என்றால், "பாட்டு நல்லாருந்துச்சு. பிரசங்கம் நீளம். பாதியில நிறுத்தியிருந்தா சாமிக்கும் சந்தோசமா இருந்திருக்கும்" என்பார். எங்கள் கோயில் நோம்பிக்கும் வந்தார். "பம்பை பிரமாதம். கெடா வெட்டற எடத்துல எதுக்குக் கொழந்தைங்கள முன்னால நிறுத்தறீங்க?" என்றார். ஊர்க்கவுண்டர் வீட்டில் பேரன் பிறந்த அன்று சொந்தக்காரர் அத்தனை பேரும் கூடியிருக்க, "கொழந்தை நல்லாருக்கு. தாய்க்கு ரத்தம் பத்தல. முட்டைய நீங்க தின்னுட்டு அவளுக்குக் கஞ்சி ஊத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். கவுண்டர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே அவர் மனதில் ஒரு முள் ஏறியிருக்கும்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாததும் உண்டு. எங்கள் தெருவில் ஒருத்திக்குப் பிள்ளை இறந்து பிறந்தது. மூன்றாம் நாள் அவள் நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "நா நல்லாத்தானுங்களே பாத்துக்கிட்டேன்? சொல்லுங்க" என்று கேட்டாள். எந்த மனுசியும் ஆமாம் என்று சொல்லிவிடுவாள். நர்ஸம்மா அவள் கார்டை எடுத்துப் பார்த்தார். "சாப்பிட்டதெல்லாம் சரிதான் கண்ணு. ரெண்டு மாசம் செக்கப்புக்கு வரல பாரு, அது தப்பு" என்றார். அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வெளியே வந்ததும் எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன். "அந்த எடத்துல ஒரு பொய் சொன்னா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போகுது?"

"பொய் சொன்னா அடுத்த தடவையும் வரமாட்டாக்கா."

அடுத்த தடவை அவள் மாசம் தவறாமல் வந்தாள். பிள்ளையும் பிழைத்தது. சரி. இருந்தாலும் மூன்றாம் நாள் சொல்கிற சொல்லா அது? அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டதால் மன்னித்துவிடவும் மாட்டேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு பதிமூன்று வருசம் இருக்கும். எனக்கு இடது கண் மங்கலாகத் தெரிந்தது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் காட்ட நர்ஸம்மா கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு என் மகள் சத்யாவும் வந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது. கொண்டை ஊசி வளைவு அத்தனையும் இறங்கி, வாந்தி எடுத்து, கண்ணைக் காட்டினோம். சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம்தான் ஆகியிருந்தது. மலைக்குப் பஸ் சாயங்காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு சினிமாக் கொட்டகை. பெரிய போஸ்டரில் ஒரு பெண் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு ரயில் மேல் நிற்கிறாள்.

இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். "உள்ள போலாமுங்களா?" என்று கேட்டது நான். நர்ஸம்மா இல்லை, சத்யாவும் இல்லை.

நர்ஸம்மா திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீங்களா பேசறது?"

"கண்ணு கூசுதுங்க. உள்ள இருட்டா இருக்குமில்ல" என்றேன். அது சாக்கு. எனக்குப் போகவேண்டும் போல இருந்தது, போனோம்.

காதல் படம். பேசுகிற இடத்தில் எல்லாம் பாட்டு. ஒரு பெண் துணிக்கடையில் வேலை செய்கிறாள், நாட்டியம் ஆடவேண்டும் என்று கனவு. ஒரு பையன் ரயில்வே ஸ்டேசனில் டீ விற்கிறான், சொந்தமாக ஒரு நாடகக் கொட்டகை கட்டவேண்டும் என்று கனவு. துணிக்கடைப் படிக்கட்டில் பாடுகிறார்கள், ஓடுகிற ரயிலில் பாடுகிறார்கள். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். அந்தப் பெண்ணுக்குப் பெரிய பட்டணத்தில் வாய்ப்பு வருகிறது. பையன் போகாதே என்கிறான். போய்விடுகிறாள். ஒரே பாட்டில் பேரும் புகழும் வந்துவிடுகிறது. அப்புறம் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் திரும்பி வருகிறாள். அதே ஸ்டேசனில் அவன் டீ கெட்டிலோடு நிற்கிறான். அவன் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறாள். கல்யாணம். கடைசியாக ஒரு பாட்டு.

சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு ஒவ்வொரு விளக்கும் ஒரு பூவாகத் தெரிந்தது. மற்றவர்கள் பார்த்ததை விட நான் அழகான படம் பார்த்திருப்பேன். அவள் திரும்பி வந்தபோது நான் அழுதேன். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. நர்ஸம்மா மட்டும், "இவ ஏன் இப்ப வர்றா? எதுக்கு வர்றா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பின்னால் இருந்த ஆள் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, நாங்க படத்தக் கேக்கறதா, உங்களக் கேக்கறதா?" என்றார்.

"ரெண்டையும் கேளுங்க. படம் பாதிதான் உண்மை சொல்லுது."

பஸ்ஸில் மலை ஏறும்போது எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். "பெத்தவ, பொறந்த ஊரு, மனசுக்குப் புடிச்சவன் எல்லாம் இருக்கற எடத்துக்கு வந்தாத்தான் என்னங்க தப்பு?" என்றேன்.

"வரட்டும். மன்னிப்பு எதுக்கு? அவ என்ன திருடிட்டா ஓடினா? அப்புறம் அந்தப் பெத்தவ. மொதப் பாட்டுல ஒரு அம்மா உக்காந்து முறத்துல பொடச்சாளே, அப்புறம் அவ எங்க? மக போனப்புறம் அவளுக்குச் சோறு யாரு போட்டா? அதைக் காட்டல. பட்டணத்துல அந்தப் புள்ள எத்தன நாள் பட்டினி கெடந்தா, எந்த ரூம்ல தங்கினா, அதையும் காட்டல. ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எல்லாம் கெடைக்குது. சும்மா சொல்லக்கூடாது, பாட்டு மட்டும் நல்லாருந்துச்சு."

சத்யா ஜன்னலோரம் உட்கார்ந்து அதில் ஒரு பாட்டை முனகிக்கொண்டே வந்தாள். ஒரே தடவை கேட்டது, ஒரு இடம் பிசகவில்லை. அவள் குரல் அப்படி. அதற்கு ரெண்டு வருசம் முன்னால் செம்மேட்டில் ஒரு விழாவுக்குக் கீழேயிருந்து கச்சேரிக்காரர்கள் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இவள் பாடியதைக் கேட்டு, வருகிறதாக இருந்தால் கூப்பிடு என்று போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் கடுகு டப்பாவுக்குள் வைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி தாளித்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து, எங்கண்ணன் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சத்யா சொன்னாள். பாடப் போகிறேன் என்றாள். எங்கண்ணன் மகன் முறைப் பையன். மரவள்ளி லோடு ஏற்றுகிற லாரி ஓட்டுகிறான், நல்ல பையன்தான். அவள் பிறந்த அன்றே பேசி வைத்தது. தையில் கல்யாணம் என்று நாள்கூட முடிவாகியிருந்தது. எங்கண்ணன் வாசலில் நின்று கத்தினார். "அந்த நர்ஸு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயி எம் மருமவள கெடுத்துப்போட்டா!"

சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று சத்யா சொல்லவில்லை. நர்ஸம்மாவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அது சுலபமாக இருந்தது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் அங்கே நடந்தது புரியும். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. பலாமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்போம். ஏதாவது சொல்லவேண்டும் என்றால் நம் வீட்டு ஆம்பளையிடம் சொல்ல, அவர் எழுந்து, "எங்க ஊட்டுல இப்படிச் சொல்றாங்க" என்று சொல்லுவார். வீட்டுக்காரர் போனபிறகு என் வாய் எங்கண்ணன்தான். பத்து வருசமாக நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் எங்கண்ணன் குரலில் சொன்னது.

நர்ஸம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் பக்கம் போகாமல் நேராக நடுவில் போய் நின்றார்.

ஊர்க்கவுண்டர், "உங்களுக்காகப் பேசறது யாருங்க?" என்று கேட்டார்.

"எனக்கு வாய் இருக்குங்க."

ஆண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. கவுண்டர் கையமர்த்தினார். அவர் கெட்டவர் இல்லை, வம்பு பெரிதாகாமல் முடிக்கவே பார்த்தார். "நீங்க கவர்மெண்டு ஆளு. கொழந்தைங்களுக்கு ஊசி போடறவங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம். அந்தப் படம் கெட்ட படம், வயசுப் புள்ளைய அதுக்குக் கூட்டிட்டுப் போனது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அதோட முடிஞ்சுது."

"முழுக்கக் கெட்ட படம் இல்லீங்களே."

"அப்ப நல்ல படமா?"

"முழுக்க நல்ல படமும் இல்லீங்க. பாட்டு நல்லாருந்துச்சு. அந்தப் புள்ள ஆடறது நல்லாருந்துச்சு. கனவுன்னா கைய விரிச்சா வந்துரும்னு காட்டறது பொய்."

"ஆமா, அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் ஒருவர் சந்தோசமாக.

"இருங்க, இன்னும் முடிக்கல. அவ ஊர விட்டுப் போனது சரி. திரும்பி வந்து கால்ல விழுந்தா பாருங்க, அதுதான் அந்தப் படத்துலயே கெட்ட எடம்."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. ஊரே ஒத்துக்கொள்கிற ஒரே இடத்தை அல்லவா பொறுக்கி எடுத்துக் கெட்டது என்று சொல்லிவிட்டார்!

கவுண்டர் எங்கண்ணனைப் பார்த்தார். "உன்ற தங்கச்சி என்ன சொல்லுது? கேட்டுச் சொல்லு."

எங்கண்ணன் மரத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். "என்ன புள்ள சொல்றது?"

"படத்துக்கு நாந்தான் கூப்புட்டேன் அண்ணா. அந்தம்மா இல்ல" என்றேன். கேட்காத மாதிரி திரும்பிப் போனார். நடுவில் நின்று, "என்ற தங்கச்சி ஒண்ணுந் தெரியாதவ. நர்ஸம்மா கூப்புட்டுது, நா போனேன்னு சொல்லுது" என்றார்.

என் பேச்சை எங்கண்ணன் மாற்றிச் சொல்வது அதுதான் முதல் தடவையா என்று எனக்கு அந்த நேரத்தில் சந்தேகம் வந்தது. பத்து வருசமாக நான் என்னென்ன சொன்னதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறதோ! மரத்தைத் தாண்டிவிட்டேன் என்பது தாண்டினபிறகுதான் தெரிந்தது.

"நா அப்படிச் சொல்லலீங்க."

"அம்முணி, நீ அக்கட்டால போ" என்றார் எங்கண்ணன்.

"போறேன். சொல்லிட்டுப் போறேன். கூப்புட்டது நானுங்க. என்ற புள்ளையக் கூட்டிட்டுப் போனதும் நானுங்க. எனக்குப் படம் புடிச்சுதுங்க. அவ திரும்பி வந்ததுகூட எனக்குப் புடிச்சுது. ஆனா என்ற புள்ளைய நா போகச் சொல்லிட்டேனுங்க."

கடைசியில் சொன்னது அந்த நிமிசம் வரைக்கும் உண்மை இல்லை. சத்யாவிடம் நான் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னபிறகு உண்மையாகிவிட்டது.

கூட்டம் ஒரு முடிவு சொன்னது. சத்யா என் மகள், அவளை அனுப்புவது என் பாடு. ஆனால் நர்ஸம்மா அந்த ஒரு வார்த்தை சொல்லுகிறவரை ஊர்ப் பெண்கள் யாரும் அவரிடம் போகக் கூடாது. சபையில் வந்து நின்று இப்படிப் பேசியதற்குக் கட்டுப்பாடு.

மறுநாள் காலைப் பஸ்ஸில் சத்யா அந்தக் கச்சேரிக்காரர்களிடம் போனாள். நர்ஸம்மா வந்து வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. "பஸ்ஸுல பின்சீட்டுல உக்காராத. வாந்தி மாத்திரை போட்டியா?" என்றார், அவ்வளவுதான்.

அவள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். சினிமாவில் பாடவில்லை. முகூர்த்த மாசங்களில் கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறாள். மற்ற மாசங்களில் ராசிபுரத்தில் ஒரு கடையில் நிற்கிறாள். தொண்டை கட்டி ஆறு மாசம் பாடமுடியாமல் கிடந்து அழுதிருக்கிறாள். தானாகப் பார்த்து ஒருவரைக் கட்டிக்கொண்டாள். "போயி என்னத்தக் கிழிச்சா?" என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆசைப்பட்டதில் பாதி கிடைத்தது என்பேன். உங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று திருப்பிக் கேட்பேன்.

நர்ஸம்மாவுக்கு வருகிறேன். புதன்கிழமைதான் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள். கூட்டம் நடந்த மறு புதன் அவர் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்து, கார்டுகளை அடுக்கி, பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. வீடு வீடாகப் போனார். பெண்கள் முறத்தையே பார்த்துக்கொண்டு, "அப்புறம் வாரோமுங்க" என்றார்கள். அடுத்த புதனும் அப்படியே. நான் மட்டும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு ஊசியும் இல்லை, குழந்தையும் இல்லை. கட்டுப்பாட்டை மீறுகிறேன் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் புதன் எனக்கே பொறுக்கவில்லை. "அந்த ஒரு வார்த்தையச் சொல்லிப்போடுங்களேன். சினிமாதானுங்க. பச்சைக் கொழந்தைங்களுக்காக."

"சொல்லலாம். இன்னைக்கு ஊருக்குப் பயந்து படத்தப் பத்திப் பொய் சொல்லுவேன். நாளைக்கு நான் ஊசி நல்லதுன்னு சொன்னா, அது யாருக்குப் பயந்து சொல்றதுன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்றது?"

"அதுக்குள்ள ஒரு கொழந்தைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

நர்ஸம்மா ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். அடுக்கின கார்டுகளையே கலைத்து மறுபடி அடுக்கினார். அவர் ஒரு வேலையை ரெண்டு தடவை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் போலீஸ் வரும், அதிகாரி வருவார். அதை அவர் செய்யவில்லை. "போலீஸ் புடிச்சுக்க நான் குத்தறதா?" என்றார். அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பாதி மனசுதான்.

நாலாம் புதன். பதினோரு மணி இருக்கும். எங்கண்ணன் மேட்டில் ஏறி வந்தார். தோளில் அவருடைய பெரிய மகனின் குழந்தை, மூன்று மாசப் பயல். ஆம்பளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்திருக்கிறது என்ற பேச்சு அந்த வாரம் பரவியிருந்தது. என்னைப் பார்க்காமல் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"பொம்பளைங்க வரக்கூடாதுன்னுதான் கட்டு. நா ஆம்பளை."

"சரிங்க" என்றார் நர்ஸம்மா. "கார்டு?"

இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மா கையைக் கழுவி, மருந்தை எடுத்தார். எங்கண்ணன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நர்ஸம்மா, யாருங் கேக்கல. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. படம் தப்புதானுங்களே? ஊருல நா பேசிக்கறேன்."

"தொடைய இறுக்கிப் புடிங்க. விட்றாதீங்க."

"அதில்லீங்க..."

"நீங்க சொல்லிக்க வேண்டியது நீங்க சொல்லிக்குங்க. எம் பேருல சொல்லாதீங்க. இப்பத் தொடைய புடிங்க."

எங்கண்ணன் பிடித்தார். ஊசி இறங்கியது. பயல் வீறிட்டான்.

எங்கள் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. மேட்டில் ஒரு குழந்தை அழுதால் ஒவ்வொரு வீட்டுக்கும் கேட்கும். பசிக்கு அழுகிறதா, விழுந்து அழுகிறதா, ஊசிக்கு அழுகிறதா என்று பெற்றவள் காதுக்குத் தெரியும். முதலில் ஒரு கதவு திறந்தது. ஒருத்தி வாசலில் வந்து நின்று மேலே பார்த்தாள். அப்புறம் இன்னொருத்தி. பயல் அழுகையை நிறுத்துவதாக இல்லை. எங்கண்ணனும் அவனை அடக்கப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். ரோட்டோரத்தில் ஊர்க்கவுண்டர் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் வாசலுக்கு வெளியே தயங்கி நின்றுவிட்டார்கள். கவுண்டர் தடுக்கவில்லை. போகவும் இல்லை.

நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கார்டில் எழுதிக்கொண்டே, "மூணு வாரம் லேட்டு. வெயில்ல வேற நிக்கறீங்க. கொழந்தைக்கு ஆகாது, உள்ள வாங்க" என்று அதட்டினார்.

அந்தக் கட்டடத்துக்கு ரெட்டைக் கதவு. எப்போதும் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். நான் பெஞ்சை விட்டு எழுந்தேன். கவுண்டர் பார்க்கப் பார்க்க, மற்றப் பக்கத்துத் தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டு, கதவைச் சுவரோடு ஒட்டத் திறந்து, அது மூடாமல் இருக்க ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்து வைத்தேன்.